கைப்பேசியின் இடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் யார்?

களப்பணியாளரின் கைப்பையில் முன்பு பதிவேடும் பேனாவும் இருந்தன. இன்று அவ்விரண்டின் வேலையையும் பெரும்பாலும் திறன்பேசியே செய்து வருகின்றது. குழந்தையின் எடை, கர்ப்பிணியின் பரிசோதனை நாள், பயிரின் நிலை, மாணவரின் வருகை ஆகிய யாவும் அச்சிறு கருவியின் வாயிலாகவே மேலிடத்துக்குச் செல்கின்றன. பதிவேட்டில் தாள் தீர்ந்துபோனால் புதிய பதிவேடு கேட்பது ஊழியரின் உரிமையாகும். அதனை வழங்குவது அலுவலகத்தின் கடமையாகும். ஆனால், கைப்பேசியில் இடம் தீர்ந்துபோனால் மட்டும் அது ஊழியரின் கவனக்குறைவு எனக் கருதப்படுகின்றது. "தேவையற்ற படங்களை நீக்கிவிடுங்கள்" என்னும் அறிவுரையோடு விஷயம் முடிந்துவிடுகின்றது.

இவ்வறிவுரை முற்றிலும் பிழையானதன்று. எனினும் அது பாதி உண்மையே. மறுபாதி, செயலிகளை வெளியிட்டு, அவற்றை அடிக்கடி புதுப்பித்து அனுப்புவோரிடம் இருக்கின்றது. பிறருடைய கருவியில் தாம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அவர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை ஆராயுமுன், புதுப்பிப்பினால் இடம் எவ்வாறு குறைகின்றது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

இடம் என்பது யாது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். திறன்பேசியில் இருவகை நினைவகங்கள் உண்டு. ஒன்று 'ரேம்' எனப்படும் வேலை நினைவகம், மற்றொன்று சேமிப்பிடம். ரேம், நாம் எழுதும் மேசையைப் போன்றது. கையிலுள்ள வேலைக்கு வேண்டிய தாள்கள் மட்டுமே அதன்மேல் விரிந்திருக்கும். சேமிப்பிடமோ அலமாரியைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் வைத்தவை அழியாமல் இருக்கும். புதுப்பிப்புகள் முதன்மையாக நிரப்புவது இவ்வலமாரியையே.

சேமிப்பிடத்தை அளக்கும் அலகு பைட்டு ஆகும். ஆயிரம் பைட்டு ஒரு கிலோபைட்டு. ஆயிரம் கிலோபைட்டு ஒரு மெகாபைட்டு. ஆயிரம் மெகாபைட்டு ஒரு ஜிகாபைட்டு. சில கருவிகள் ஆயிரத்துக்குப் பதிலாக 1,024 என்னும் எண்ணைக் கொண்டு கணக்கிடுவதால், பெட்டியின்மேல் 32 ஜிகாபைட்டு என அச்சிடப்பெற்ற கருவி, திரையில் 29.8 எனக் காட்டுவதும் உண்டு. அதனில் இயக்க முறைமையும், ஆலையிலேயே ஏற்றப்பெற்ற செயலிகளும் பல ஜிகாபைட்டுகளை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதே வாங்கியவருக்கு உரிய இடமாகும். விலை குறைந்த கருவியில் இவ்வெச்சம் மிகச் சிறிது.

நம் நாட்டின் பழைய கணக்கு ஒன்றை இங்கு நினைவுகூரலாம். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பெற்று 1960-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியின் முதன்மை நினைவகம், ஒவ்வொன்றும் 40 பிட்டு கொண்ட 2,048 சொற்களைக் கொள்ளத்தக்கது. இக்காலக் கணக்கில் அது ஏறத்தாழ 10 கிலோபைட்டு. இன்று 100 மெகாபைட்டு அளவுள்ள ஒரு செயலி, அந்நினைவகத்தைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு பெரியது. இரண்டும் செய்யும் வேலைகள் வெவ்வேறானவை ஆதலின் இவ்வொப்புமை முற்றும் பொருந்துவதன்று. ஆயினும், இடம் அரிதாக இருந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதினார்கள் என்பதும், இடம் மலிந்தபின் அவ்வெண்ணும் பழக்கம் மறைந்துவிட்டது என்பதும் இதனால் விளங்கும். மலிவு எல்லோர்க்கும் ஒரே காலத்தில் வருவதில்லை என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. எழுதுவோர் மேசையிலுள்ள கருவி பெரிது; பயன்படுத்துவோர் கையிலுள்ள கருவி சிறிது.

ஒரு செயலியின் நான்கு பங்குகள்

ஒரு செயலி கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும் இடத்தை நான்கு பங்குகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, செயலியின் மூலப்பொதி. கட்டளைகள், படங்கள், ஒலிகள், எழுத்துக் குறிப்புகள் ஆகியவை அடங்கிய கட்டு இது. இரண்டாவது, அக்கட்டளைகளைக் கருவி தன் மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் படி. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பில், செயலியை ஏற்றும்போதே அதன் கட்டளைகள் பெரும்பாலும் மாற்றப்பெற்றுச் சேமிக்கப்பட்டன. அதனால் வேகம் மிகுந்தது. இடமும் மிகுதியாகச் செலவாயிற்று. 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, அடிக்கடி பயன்படும் பகுதிகள் மட்டுமே இவ்வாறு மாற்றிவைக்கப்படும் முறை ஏற்பட்டது. மூன்றாவது, பயன்படுத்துவோர் உண்டாக்கும் தரவு: நாம் பதிந்த விவரங்கள், இறக்கிவைத்த பாடங்கள், அனுப்பக் காத்திருக்கும் படிவங்கள் முதலியன. 2017-இல் தொடங்கப்பெற்ற 'தீக்ஷா' போன்ற கல்விச் செயலிகளில், இணையம் இல்லாத வகுப்பறைக்கென ஆசிரியர் இறக்கிவைக்கும் பாடங்கள் இப்பங்கைச் சார்ந்தவை. நான்காவது, 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பு. ஒருமுறை பார்த்த படத்தை மறுமுறை இறக்காமலிருக்கும் பொருட்டுச் செயலி ஒதுக்கி வைத்துக்கொள்ளும் நகல் இது. அழிந்தாலும் மீண்டும் பெறத்தக்கது.

புதுப்பிப்பு இந்நான்கனுள் முதலிரண்டையும் நேராக மாற்றுகின்றது. மூன்றாவதனையும் நான்காவதனையும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆயின் புதிய வசதி ஏதேனும் சேர்ந்தால், அதன் விளைவாக அவையும் நாளடைவில் வளர்கின்றன.

புதுப்பிப்பு நிகழும்போது

"பத்து மெகாபைட்டுப் புதுப்பிப்புத்தானே, அதற்கு இடமில்லை என்று கருவி ஏன் கூறுகின்றது?" என்று களப்பணியாளர் பலர் வினவுகின்றனர். வினா நியாயமானது. இறக்கப்படும் அளவு வேறு, நிறுவுவதற்கு வேண்டிய அளவு வேறு என்பதே இதற்கு விடை.

கூகுள் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலிருந்து, முழுச் செயலியையும் மீண்டும் அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. 2016 டிசம்பரில் அம்முறை மேலும் நுட்பமாக்கப்பெற்றது. முழுச் செயலியோடு ஒப்பிடுகையில் புதுப்பிப்பின் அளவு சராசரியாக 65 விழுக்காடு குறைந்ததென அந்நிறுவனம் அறிவித்தது. இது தரவுக் கட்டணத்தை மிச்சப்படுத்தியது; சந்தேகமில்லை. ஆனால் வந்து சேர்ந்த சிறு திருத்தக் கட்டைப் பழைய பொதியோடு இணைத்து, முழுமையான புதிய பொதி ஒன்றைக் கருவி தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. புதியது சரியாக அமைந்தது என்று உறுதிப்படும் வரையில் பழையதை நீக்க இயலாது. இடையில் மின்கலம் தீர்ந்துபோனால் இரண்டுமற்ற நிலை ஏற்பட்டுவிடுமன்றோ?

ஓர் உதாரணம் கொள்வோம். பழைய பொதி 150 மெகாபைட்டு, புதியது 160 மெகாபைட்டு, திருத்தக் கட்டு 20 மெகாபைட்டு என்றால், அச்சில நிமிடங்களில் கருவியில் 330 மெகாபைட்டு இடம் அச்செயலிக்குத் தேவைப்படுகின்றது. வேலை முடிந்தபின் நிலையான வளர்ச்சி 10 மெகாபைட்டு மட்டுமே. எனினும் அச்சில நிமிட நெருக்கடியைத் தாங்க இயலாத கருவியில் புதுப்பிப்பு நின்றுவிடுகின்றது. இயக்க முறைமை தன் பாதுகாப்புக்கென ஓரளவு காலியிடத்தை ஒதுக்கி வைப்பதும், நெருக்கடி முன்னதாகவே தோன்றுவதற்கு ஒரு காரணமாகும்.

நிலையான வளர்ச்சியும் சிறிதென்று தள்ளத்தக்கதன்று. இருபது செயலிகள் திங்கள்தோறும் ஐந்தைந்து மெகாபைட்டு வளர்வதாகக் கொண்டால், ஓராண்டில் அது 1,200 மெகாபைட்டு, அதாவது 1.2 ஜிகாபைட்டு ஆகின்றது. இதில் உரிமையாளர் ஒரு படமும் எடுக்கவில்லை; ஒரு பாடலும் சேர்க்கவில்லை. கருவி மேசைமேல் சும்மா இருந்தபோதே அவருடைய இடம் குறைந்துவிட்டது.

ஆலையில் ஏற்றப்பெற்றுவரும் செயலிகளின் நிலை இதனினும் வேடிக்கையானது. அவற்றின் முதற்படி, உரிமையாளர் மாற்ற இயலாத ஒரு பகுதியில் பதிந்திருக்கின்றது. அச்செயலியைப் புதுப்பித்தால் புதிய படி உரிமையாளரின் பகுதியில் வந்து அமர்கின்றது. பழைய படியோ தன் இடத்தைவிட்டு நகருவதில்லை. ஆக, ஒரே செயலிக்கு இரண்டு இருப்பிடங்கள்! பயன்படுத்தாத இத்தகைய செயலிகளின் அமைப்புப் பக்கத்தில் 'புதுப்பிப்புகளை நிறுவல்நீக்கு' என்னும் வாய்ப்பு இருப்பதையும், அதனைக் கையாண்டு கணிசமான இடத்தை மீட்கலாம் என்பதையும் நம் ஊழியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதன்பின் அச்செயலியை முடக்கியும் வைத்தால், அது தானே மீண்டும் புதுப்பித்துக்கொள்ளாது.

இன்னுமொன்று. இக்கருவிகளில் பயன்படும் ஃபிளாஷ் நினைவகத்தில், எழுதியதன்மேல் நேராக எழுத இயலாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே அதில் மீண்டும் எழுத முடியும். காலியிடம் மிகவும் சுருங்கும்போது, எழுதுவதற்கென ஒரு தொகுதியை ஒழித்துக்கொடுக்கக் கருவி பலமுறை பொருள்களை இடம் மாற்ற வேண்டியிருக்கின்றது. அதனால் வேகம் குன்றுகின்றது. 'பழைய கைப்பேசி மந்தமாகிவிட்டது' என்னும் குறைக்கு, முதுமையைக் காட்டிலும் நெரிசலே பல வேளைகளில் காரணமாகும்.

புதுப்பிப்பை நிறுத்திவிடலாமா?

இவ்வளவும் கேட்டபின், "தானியங்கிப் புதுப்பிப்பை அறவே நிறுத்திவிட்டால் என்ன?" என்று எண்ணத் தோன்றும். அது மருந்துக்கு அஞ்சி நோயை வளர்ப்பதற்கு ஒப்பாகும். 2019 மே மாதத்தில், வாட்ஸ்அப் செயலியின் குரல் அழைப்புப் பகுதியிலிருந்த ஒரு குறையின் வழியாக உளவு மென்பொருளைப் புகுத்த முடிந்தது என்பது வெளியாயிற்று. அழைப்பை ஏற்காவிடினும் தீங்கு நேரக்கூடும் என்பதே அதன் கொடுமை. அந்நிறுவனம் குறையை நீக்கிய புதிய பதிப்பை வெளியிட்டு, யாவரும் உடனே புதுப்பித்துக்கொள்ளுமாறு வேண்டியது. அந்நாளில் இடமின்மையால் புதுப்பிக்க இயலாதிருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், சேமிப்பிட நெருக்கடி வசதிக்குறைவு மட்டுமன்று, பாதுகாப்புக் குறைவுமாகும் என்பது தெளிவாகும். களப்பணியாளரின் கைப்பேசியில் இருப்பவை அவருடைய விஷயங்கள் மட்டுமல்ல. ஊராரின் உடல்நிலையும் குடும்ப விவரமும் அதில் அடங்கியுள்ளன.

ஆதலின் புதுப்பிப்பு வேண்டும். ஆனால் அது இடத்தை விழுங்குவதாக இருத்தல் வேண்டியதில்லை. இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா என்று ஐயுறுவோர்க்கு அண்மைக் கால வரலாறே விடை கூறுகின்றது.

பருமன் விதியன்று

2014-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 8 என்னும் இயக்க முறைமையை வெளியிட்டபோது, அதனைக் கருவியிலேயே நேராக நிறுவுவதற்கு ஏறத்தாழ 4.6 ஜிகாபைட்டு காலியிடம் வேண்டியிருந்தது. 16 ஜிகாபைட்டுக் கருவி வைத்திருந்தோர் பலர் படங்களையும் செயலிகளையும் நீக்க நேர்ந்தது. நீக்க மனமில்லாதோர் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டனர். குறை பெரிதாக எழுந்தது. அடுத்த ஆண்டே வெளிவந்த ஐ.ஓ.எஸ். 9 முறைமைக்கு 1.3 ஜிகாபைட்டு போதும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஓராண்டுக்குள் பொருளியல் விதிகள் மாறிவிடவில்லை. பௌதிக விதிகளும் மாறிவிடவில்லை. மாறியது அமைப்போரின் கவனம் ஒன்றே.

ஆண்ட்ராய்டு உலகிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 2015-இல் பேஸ்புக் நிறுவனம் எளிய கருவிகளுக்கென வெளியிட்ட 'லைட்' பதிப்பு, தொடக்கத்தில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாகவே இருந்தது. 2017-இல், ஒரு ஜிகாபைட்டோ அதனிலும் குறைவோ ரேம் கொண்ட கருவிகளுக்கென 'ஆண்ட்ராய்டு கோ' என்னும் சிக்கன அமைப்பை கூகுள் அறிவித்தது. 2018-இல் அறிமுகமான 'ஆப் பண்டில்' முறையில், ஒவ்வொரு கருவிக்கும் அதன் திரைக்கும் செயலிக்கூற்றுக்கும் மொழிக்கும் உரிய பகுதிகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் புதிதாகச் சேரும் செயலிகளுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. 2023-இல், நெடுநாள் தொடாத செயலியின் பொதியை நீக்கி, பயனரின் தரவை மட்டும் காத்துவைக்கும் வசதியும் வந்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? செயலியின் பருமன் இயற்கையாக நேரும் ஒன்றன்று. அமைப்போரின் முடிவினால் நேர்வது. எவராவது கேட்டால் அது குறைகின்றது. எவரும் கேளாவிடின் வளர்கின்றது. கணிப்பொறி மொழிகள் பலவற்றை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், மென்பொருள் தேவையின்றிப் பருத்துவருவதைக் கண்டித்து, சிக்கனத்தை வலியுறுத்தி 1995-ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அவர் வேண்டுகோள் பழையதாகவில்லை.

மொழியின்மீது சுமத்தும் பழி

இங்கு, மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்னும் முறையில் ஒரு கருத்தைக் கூற விரும்புகின்றேன். "வட்டார மொழிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் செயலி பருத்துவிடும், ஆகவே ஆங்கிலமும் இந்தியும் போதும்" என்று சில கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கின்றேன். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு வேண்டும். ஒரு செயலியில் 2,000 சொற்றொடர்கள் உள்ளனவாகவும், ஒவ்வொன்றும் 50 குறியீடுகள் கொண்டதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு சொற்றொடருக்கு 150 பைட்டு. 2,000 சொற்றொடர்களுக்கு 3,00,000 பைட்டு, அதாவது 300 கிலோபைட்டு. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் இவ்வாறே ஒதுக்கினாலும் மொத்தம் 6.6 மெகாபைட்டுத்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் புகைப்படங்கள் இரண்டு மூன்று இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். மேலும், மேற்கூறிய பண்டில் முறையில், பயனர் தேர்ந்த மொழி மட்டுமே அவர் கருவிக்கு வருமாறு செய்யலாம். ஆகவே இடத்தைக் காரணங்காட்டி மொழியை விலக்குவது, பெட்டியில் பாறாங்கல்லை வைத்துக்கொண்டு கடிதத்தை வெளியே எறிவது போன்றதாகும். பருமனுக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கின்றது: சுருக்கப்படாத படங்களும், ஒரு சிறு வசதிக்காக முழுதும் சேர்க்கப்படும் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளும், விளம்பரக் கணக்கெடுப்புக் கருவிகளும், பயனற்றுப்போன பின்னும் நீக்கப்படாத பழைய பகுதிகளுமே பெரும்பாலும் அக்காரணம்.

மொழியைப் பற்றிய வேறொரு செய்தி இதனினும் முக்கியமானது. செயலியின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் அருகருகே உள்ளன. ஒன்று தற்காலிகச் சேமிப்பை அழிப்பது. மற்றொன்று சேமிப்பகத்தை அழிப்பது. முன்னதனால் தீங்கில்லை. பின்னதோ, மேலே கூறிய மூன்றாம் பங்கை, அதாவது ஊழியர் பதிந்த தரவையும் சேர்த்து அழித்துவிடும். 'சேமிப்பகம் நிரம்பிவிட்டது' என்று எச்சரிக்கை வந்திருக்க, 'சேமிப்பகத்தை அழி' என்னும் பொத்தான் அதற்கேற்ற மருந்தாகவே தோன்றும் அல்லவா? இணையம் எட்டாத மலைக்கிராமத்தில் ஒரு வார காலம் வீடுவீடாகச் சென்று பதிந்து, அனுப்புவதற்காகக் காத்திருக்கும் படிவங்கள், அப்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மீளாமற் போய்விடும். 'உங்கள் பதிவுகள் யாவும் அழியும்' என்று வெளிப்படையாக எழுதுவதற்குச் சில பைட்டுகளே மிகுதியாகும். அச்சில பைட்டுகளைச் செலவிடத் தயங்கலாகாது.

களத்தின் நிலை

2021 ஆகஸ்டு மாதத்தில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடிப் பணியாளர் பலர், பணிக்கென வழங்கப்பெற்ற கைப்பேசிகளை அலுவலகங்களில் திருப்பி ஒப்படைத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். கருவிகள் சூடேறுகின்றன, நின்றுவிடுகின்றன, அவற்றின் நினைவகம் புதிய செயலியின் பளுவுக்குப் போதவில்லை என்பன அவர்கள் கூறிய குறைகளுட் சில. கருவி வாங்கப்பெற்ற ஆண்டு ஒன்று. அதில் ஓட வேண்டிய செயலி வந்த ஆண்டு வேறொன்று. இடையில் செயலி வளர்ந்தது, கருவி வளரவில்லை. வாங்கும்போது கணக்கிடப்பட்ட இடம், பயன்படுத்தும்போது போதாமற் போனதில் வியப்பில்லை.

இத்தகைய நிலை மேலும் விரிவடைய இருக்கின்றது. 2027-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலியின் வாயிலாக நடத்தப்பெறும் என்று 2025-இல் அறிவிக்கப்பெற்றது. கணக்கெடுப்பாளர்களாகப் பெரும்பாலும் ஆசிரியர்களே நியமிக்கப்பெறுவது நெடுநாளைய வழக்கம். இத்தகைய பெரும்பணியில் ஒரு வீட்டு வாயிலில் நிற்கும் ஆசிரியரின் திரையில் 'இடம் போதவில்லை. புதுப்பிக்க இயலவில்லை' என்னும் வாசகம் தோன்றுமாயின், நின்றுபோவது அவருடைய வேலை மட்டுமன்று. அவ்வீட்டாரின் எண்ணிக்கையும் காத்திருக்கும்.

செய்யத்தக்கவை

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை சில உண்டு. திங்களுக்கு ஒருமுறை அமைப்புப் பக்கத்தில் எந்தச் செயலி எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதைப் பார்த்தல். அனுப்ப வேண்டிய படிவங்களை முதலில் அனுப்பிவிட்டு, அதன் பின்னரே எதனையும் நீக்குதல். தற்காலிகச் சேமிப்பை மட்டும் துடைத்துப் பார்த்தல். குழுச்செய்திகளில் வரும் படங்களும் காணொளிகளும் தாமாக இறங்காதவாறு அமைத்தல். பயன்படாத ஆலைச் செயலிகளின் புதுப்பிப்புகளை நீக்கி அவற்றை முடக்குதல். ஒரு ஜிகாபைட்டு அளவேனும் எப்போதும் காலியாக விட்டுவைத்தல் ஆகியவை அவை. மாணவர்க்கு இதனையே ஒரு கணக்குப் பாடமாகவும் நடத்தலாம். தம் வீட்டுக் கைப்பேசியில் எச்செயலி எத்தனை விழுக்காடு இடம் கொண்டது என்பதை வட்ட வரைபடமாக வரையச் செய்தால், கணிதமும் பழகும், விழிப்பும் ஏற்படும்.

ஆனால் பெரும் பொறுப்பு இலாகாக்களுடையது. செயலி எழுதுவிக்கும் ஒவ்வோர் இலாகாவும், அது எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவை ஒப்பந்தத்திலேயே வரையறுத்தல் வேண்டும். பாலம் கட்டுவோர் பளுவை வரையறுக்காமல் கட்டுவதில்லையே. ஊழியர்களிடம் உள்ளவற்றுள் மிக எளிய கருவி எதுவோ அதில் சோதித்த பின்னரே புதுப்பிப்பை வெளியிடுதல் வேண்டும். மாத இறுதி, தேர்வுக் காலம், கணக்கெடுப்பு நாள் போன்ற நெருக்கடியான வேளைகளில், பாதுகாப்புத் திருத்தம் தவிர்ந்த பிற புதுப்பிப்புகளை அனுப்புதல் ஆகாது. பாதுகாப்புத் திருத்தத்தையும் அலங்கார மாற்றத்தையும் ஒரே கட்டில் பிணைக்காமல் வேறு வேறாக அனுப்பினால், முன்னதன் அளவு சிறிதாக இருக்கும். கருவியை வாங்கும்போது இன்றைய செயலியின் அளவை மட்டும் கருதாமல், கருவியின் ஆயுட்காலம் முழுமைக்கும் நேரும் வளர்ச்சியையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும்.

இறுதியாக, மிக எளிய சீர்திருத்தம் ஒன்று. புதுப்பிப்போடு வரும் அறிவிப்பில், "பிழைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது" என்னும் இரு வரிகளே எப்போதும் காணப்படுகின்றன. இவ்விரு வரிகளையும் எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கின்றேன். இவற்றால் எவரும் ஒன்றும் அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை. இவற்றுக்குப் பதிலாக, "இப்புதுப்பிப்பை இறக்க 20 மெகாபைட்டு, நிறுவ 330 மெகாபைட்டு வேண்டும், நிறுவியபின் செயலி 10 மெகாபைட்டு வளரும், காரணம் இது" என்று எழுதட்டும். எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், வளர்ச்சிக்குக் காரணம் தேட வேண்டிய கட்டாயமும் வரும். காரணம் கிட்டாத வளர்ச்சி தானே நின்றுவிடும். அவ்வறிவிப்பைப் பல முறையும் மொழிபெயர்க்க எங்களைப் போன்றோர் மகிழ்ச்சியோடு முன்வருவோம்.